படிப்பில் பாதிக்கு மேல் பெண்கள், பேராசிரியர் நாற்காலியில் ஏன் இல்லை?

வாசகர் கேள்வி, 2 ஜூன்

மருத்துவப் படிப்பில் பெண்கள் பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள். இன்றைக்கு உள்ளே வருபவர்கள்தானே நாளைக்குப் பேராசிரியர்? பத்துப் பதினைந்து வருடம் பொறுத்தால் தானாகச் சரியாகிவிடும். பிறகு ஏன் தடை, தடை என்று இன்னும் பேசுகிறோம்? நான் முதுநிலை இரண்டாம் ஆண்டு. என் துறையில் யாரும் யாரையும் தடுத்து நான் பார்த்ததில்லை.

2 ஜூன், இரவு 11.10

நானும் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஒருவரும் என்னை வாசலில் நின்று மறித்ததில்லை. ஆனால் என்னோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர் எனக்கு ஆறு வருடம் முன்பே பேராசிரியராகிவிட்டார். நல்ல டாக்டர், நல்ல மனுஷர். அவர் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. அந்த ஆறு வருடம் எங்கே போயிற்று என்றுதான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

பொறுத்தால் சரியாகும் என்கிற கணக்கு புதிதில்லை. அமெரிக்காவில் மருத்துவம் சேரும் பெண்கள் 1990களிலேயே நூற்றுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். 2017-ல் ஆண்களை முந்தினார்கள். அங்குள்ள மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் 91,000 பேரைப் பற்றி 2015-ல் 'ஜாமா' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆண்களில் 28.6 சதவீதம் பேர் முழுப் பேராசிரியர்கள், பெண்களில் 11.9 சதவீதம். நாற்பது நாற்பதாக உள்ளே போனவர்கள் வழியில் எங்கோ நின்றுவிட்டார்கள்.

3 ஜூன், காலை 6.30

கீழே ஒருவர் கேட்டிருப்பது நல்ல கேள்வி: "பெண் ஆசிரியர்கள் சராசரியில் வயது குறைந்தவர்கள். அதைக் கழித்துப் பார்த்தீர்களா?" நேற்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அந்த ஆய்விலேயே கழித்துப் பார்த்திருக்கிறார்கள். வயது, அனுபவம், துறை, வெளியிட்ட கட்டுரை, கிடைத்த ஆராய்ச்சி நிதி எல்லாவற்றையும் சமன் செய்த பிறகு இடைவெளி நான்கு சதவீதப் புள்ளி அளவுக்குச் சுருங்குகிறது. மறையவில்லை.

ஆனால் எதையெல்லாம் கழித்தார்கள் என்று இன்னொரு தரம் பாருங்கள். கட்டுரையும் நிதியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு பெண்ணுக்குக் கட்டுரை ஏன் குறைந்தது, நிதி ஏன் கிடைக்கவில்லை என்று கேட்காமல் அதைக் கழித்துவிட்டால் பாதிக் கதை போய்விடும். இன்று ஓபி இருக்கிறது, இரவில் எழுதுகிறேன்.

3 ஜூன், இரவு 10.50

கட்டுரை எப்படிக் குறைகிறது என்பதற்கு என் கதையே இருக்கிறது.

உதவிப் பேராசிரியராக இருந்தபோது ஒரு ஆய்வு தொடங்கினேன். யோசனை என்னுடையது. எத்திக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பம் எழுதியதும் நான்தான். ஓபி முடிந்ததும் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறைக்குப் போவேன். பழைய கேஸ் ஷீட்டுகளைக் கட்டுக் கட்டாக இறக்கிவைப்பார்கள். தூசியில் தும்மிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிரித்து எக்செல்லில் ஏற்றினேன். எட்டு மாதக் கர்ப்பத்தில் தரையில் உட்கார முடியாமல், இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டுக்கொண்டு ஒன்றில் நானும் ஒன்றில் ஷீட்டுகளுமாக இருந்தது நன்றாக நினைவிருக்கிறது. 160 கேஸ். பிரசவ லீவுக்குப் போகும் முன் ஃபைலை முழுவதும் சரிபார்த்துத் துறையில் கொடுத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது கட்டுரை வெளியாகியிருந்தது. என் பெயர் மூன்றாவது. கேட்டதற்கு, "நீங்க லீவுல இருந்தீங்க மேடம், கைக்குழந்தையோட இருக்கறவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நாங்களே முடிச்சிட்டோம்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அதனால் எனக்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை, நன்றி சொன்னேன். நான்கு வருடம் கழித்துப் பதவி உயர்வுக்கு விண்ணப்பம் நிரப்பும்போது, முதல் பெயராக வந்த கட்டுரைகள் மட்டும் எண்ணப்படும் என்ற வரியைப் படித்தேன். அப்போதுதான் உறைத்தது. எனக்கு ஒன்று குறைந்தது.

பெரிய அளவிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆறு முக்கிய மருத்துவ இதழ்களில் வந்த அமெரிக்க மருத்துவர்களின் கட்டுரைகளை ரேஷ்மா ஜாக்சியும் உடனிருந்தவர்களும் எண்ணி 2006-ல் வெளியிட்டார்கள். முதல் பெயராக வந்தவர்களில் பெண்கள் 1970-ல் 5.9 சதவீதம், 2004-ல் 29.3. கடைசிப் பெயராக, அதாவது ஆய்வுக்குத் தலைமை தாங்கியவராக வந்த பெண்கள் 3.7-லிருந்து 19.3. ஏறியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

6 ஜூன்

"வாசலில் மறித்ததெல்லாம் அந்தக் காலம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தையும் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் அப்போதும் மறித்தது பாதிதான்.

ஆலிஸ் ஹாமில்டன். ஈயம் போன்ற தொழிற்சாலை நச்சுகளைப் பற்றி அமெரிக்காவில் அவர் அளவுக்குத் தெரிந்தவர் கிடையாது. அதனால் 1919-ல் ஹார்வர்ட் அவரை உதவிப் பேராசிரியராக எடுத்தது, அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியர். கூடவே நிபந்தனைகள்: ஆசிரியர் மன்றத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, கால்பந்து டிக்கெட் கேட்கக்கூடாது. 1935-ல் ஓய்வு பெற்றார், அதே உதவிப் பேராசிரியராக. பதினாறு வருடம் ஒரே படியில். அந்த மருத்துவக் கல்லூரி பெண்களை மாணவர்களாகச் சேர்த்ததே 1945-ல்தான்.

ஃபுளோரன்ஸ் சாபின் கதை என்னை இன்னும் அதிகமாகத் தொடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி 1893-ல் திறந்தபோதே பெண்களைச் சேர்த்தது. மேரி எலிசபெத் காரெட் என்ற பெண்மணி மூன்று லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து, பெண்களையும் ஆண்களுக்குச் சமமாகச் சேர்த்தால்தான் பணம் என்று எழுதி வாங்கிக்கொண்டதால் சேர்த்தது. அங்கே படித்த சாபின் 1917-ல் அதன் முதல் பெண் முழுப் பேராசிரியரானார். ஆனால் உடற்கூறியல் துறைத்தலைவர் பதவி காலியானபோது அது அவருக்குப் போகவில்லை. அவரிடம் படித்த மாணவருக்குப் போயிற்று.

காரெட்டின் பணம் சேர்க்கைக்கு மட்டும்தான் நிபந்தனை போட்டது. அதற்கு மேலே உள்ள நாற்காலிகளுக்கு யாரும் எதையும் எழுதி வாங்கவில்லை. கேள்வி கேட்ட தம்பிக்கு இதைத்தான் சொல்ல நினைக்கிறேன்: உள்ளே விடுவது ஒரு முடிவு, மேலே ஏற்றுவது இன்னொரு முடிவு. இரண்டாவதை வேறு ஆட்கள், வேறு அறையில், வேறு காகிதங்களை வைத்துக்கொண்டு எடுக்கிறார்கள்.

6 ஜூன், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தால் சாபின் மனமுடைந்து உடனே போய்விட்டார் என்று தோன்றலாம். போகவில்லை. அதே துறையில் தன் ஆராய்ச்சியைத் தொடர்ந்து செய்தார். 1925-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வான முதல் பெண் அவர். அந்த ஆண்டுதான் ராக்கஃபெல்லர் நிறுவனத்துக்குப் போனார்.

10 ஜூன், இரவு 11.30

மினிட்ஸ், அதாவது கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்ற பதிவு பற்றி எழுத வேண்டும். சின்ன விஷயம்போலத் தெரியும்.

எங்கள் துறைக் கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுவது நான். பதினொரு வருடமாக. இந்தக் கல்லூரிக்கு வந்த புதிதில் யாரோ, "உங்க கையெழுத்து அழகா இருக்கு" என்றார்கள். அன்றைக்குக் கைக்கு வந்த நோட்டு இன்னும் போகவில்லை. அதோடு கூட வந்தவை: இன்டர்னல் தேர்வு அட்டவணை, மாணவர் குறைதீர்ப்பு, ஹாஸ்டலில் அழும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசுவது, கான்ஃபரன்ஸுக்கு வருபவர்களுக்கு அறை ஏற்பாடு, கல்லூரியைப் பார்வையிடும் குழு வரும்போது ஃபைல் அடுக்குவது. பிள்ளைகளோடு பேசுவதை நான் விட மாட்டேன், அது எனக்குப் பிடித்த வேலை. மற்றதெல்லாம் யாராவது செய்தே ஆக வேண்டியவை. பதவி உயர்வுப் படிவத்தில் இதில் ஒன்றுக்கும் கட்டம் கிடையாது.

லிண்டா பாப்காக்கும் உடனிருந்தவர்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. யாராவது ஒருவர் செய்தாக வேண்டும், ஆனால் செய்பவருக்கு லாபமில்லை என்ற மாதிரி வேலை. ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் பெண்கள் அதிகமாகத் தானே முன்வருகிறார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் குழுவில், ஆண்கள் மட்டும் இருக்கும் குழுவில் வைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் காணாமல் போகிறது. ஆண்களுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை, பெண் இருந்தால் அவள் எடுத்துக்கொள்வாள் என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பெண்களிடம்தான் அதிகம் கேட்கவும் செய்கிறார்கள், கேட்டவுடன் சரி என்பவர்களும் பெண்கள்தான் அதிகம்.

11 ஜூன்

"முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதானே?"

ஒரு தரம் சொன்னேன். அந்த வருட மதிப்பீட்டில் 'ஒத்துழைப்பு' என்ற வரிக்கு எதிரே 'மேம்பட வேண்டும்' என்று எழுதியிருந்தது. அதற்கு முந்தைய வருடம்வரை அந்த இடத்தில் 'மிக நன்று'.

15 ஜூன்

ஆராய்ச்சி நிதி பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

ஸ்வீடனில் கிறிஸ்டின் வென்னெராஸ், ஆக்னஸ் வோல்ட் என்று இரண்டு பெண் விஞ்ஞானிகள். மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் மதிப்பெண் பட்டியலைக் கேட்டார்கள். ரகசியம் என்று கொடுக்க மறுத்தார்கள். நீதிமன்றம் வரை போய், அது பொது ஆவணம் என்று தீர்ப்பு வாங்கி, 1995-க்கான 114 விண்ணப்பங்களின் மதிப்பெண்ணை எடுத்து, ஒவ்வொருவரின் கட்டுரைகளோடு வைத்து ஒப்பிட்டார்கள். 1997-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே திறமை மதிப்பெண் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டுமானால் அவள் 2.5 மடங்கு சாதித்திருக்க வேண்டும். மதிப்பீட்டாளருக்கு வேண்டியவர்களாக இருப்பவர்களுக்கும் தனிச் சலுகை இருந்தது.

கனடாவில் வேறு மாதிரி தெரியவந்தது. அங்குள்ள சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் நிதியை இரண்டு வழியாகப் பிரித்தது. ஒன்றில் ஆய்வுத் திட்டம் எப்படி என்று பார்ப்பார்கள், மற்றதில் முக்கியமாக ஆள் எப்படி என்று பார்ப்பார்கள். ஏறக்குறைய 24,000 விண்ணப்பங்கள். திட்டத்தைப் பார்த்த இடத்தில் ஆண், பெண் வித்தியாசம் 0.9 சதவீதப் புள்ளி. ஆளைப் பார்த்த இடத்தில் 4. 'லான்செட்' இதழில் 2019-ல் வந்தது.

பதவி உயர்வு நேர்காணலில் பார்ப்பது எதை? ஆளைத்தான்.

16 ஜூன்

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டது நியாயமில்லை. அதே ஸ்வீடன் மன்றத்தின் பிந்தைய ஆண்டு மதிப்பெண்களை வேறு இருவர் அதேபோல ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். அதில் பெண்களுக்குப் பாதகம் தெரியவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் சாதகமே. வேண்டியவர் சலுகை மட்டும் அப்படியே இருந்தது. இந்தச் செய்தி என் பேச்சுக்கு எதிரானது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு இது நம்பிக்கை தருகிறது. பட்டியலை வெளியே எடுத்து எல்லோரும் பார்க்க வைத்த பிறகு அங்கே ஏதோ மாறியிருக்கிறது. சும்மா பொறுத்திருந்து மாறவில்லை.

22 ஜூன், நள்ளிரவு தாண்டி

இதை எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

அமெரிக்காவில் ஒரு பெரிய மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஃபிரான்சஸ் டிரிக்ஸ், கரோலின் சென்கா என்ற இருவர் வரி வரியாகப் படித்து 2003-ல் வெளியிட்டார்கள். எல்லாமே வேலை கிடைத்தவர்களுக்கான கடிதங்கள். பெண்களுக்கான கடிதம் சராசரியில் சின்னது. சந்தேகத்தை விதைக்கும் வாக்கியங்கள் அதில் அதிகம். பெண் என்றால் "அவருடைய கற்பித்தல்", ஆண் என்றால் "அவருடைய ஆராய்ச்சி" என்று வருகிறது.

இதை மாணவர்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன், பெருமையாக. போன வாரம்தான், நான் எழுதியவை எப்படி இருக்கின்றன என்று தோன்றிற்று. கம்ப்யூட்டரில் தேடி எடுத்தேன். ஒன்பது வருடத்தில் இருபத்தாறு கடிதம். பதினைந்து பெண்களுக்கு, பதினொன்று ஆண்களுக்கு. பிரிண்ட் எடுத்து மேசையில் இரண்டு அடுக்காக வைத்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன்.

பெண்கள் அடுக்கில்: கடின உழைப்பாளி. பொறுப்பானவர். நோயாளிகளிடம் கனிவானவர். நேரம் தவறாதவர். எல்லோரோடும் அனுசரித்துப் போகிறவர். இரண்டில் "குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவிலும்" என்று எழுதியிருக்கிறேன்.

ஆண்கள் அடுக்கில்: சொந்தமாகச் சிந்திக்கிறவர். கேள்விகளைக் கூர்மையாக எழுப்புகிறவர். எதிர்காலத்தில் துறைக்குத் தலைமை தாங்கக்கூடியவர். ஐந்து ஆண்களின் ஆய்வுத் தலைப்பை முழுதாக எழுதியிருக்கிறேன். பெண்களில் இரண்டு பேருக்குத்தான் அப்படிச் செய்திருக்கிறேன்.

எழுதியது என் கை. ஒரு பெண் எனக்கு நன்றாக நினைவிருக்கிறாள். தீசிஸில் நான் கொடுத்த புள்ளியியல் முறையே தவறு என்று என்னிடமே வந்து நிரூபித்தவள். அவளுக்கு "பணிவும் ஆர்வமும் மிக்கவர்" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அவள் அன்று பணிவாக வந்து பேசினாள், அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. அவள் விண்ணப்பித்த ஃபெல்லோஷிப் கிடைக்கவில்லை. என் கடிதத்தால்தான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் என்னால் முடியவில்லை.

22 ஜூன், காலை

ஒரு வாசகி கேட்டார், "பெண்ணே இப்படி எழுதினால் ஆண்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?" இந்த இழையில் நான் யாரையும் பெயர் வைத்துக் குறை சொல்லவில்லையே. 2012-ல் ஒரே சுயவிவரத்தை ஜான் என்றும் ஜெனிஃபர் என்றும் பெயர் மாற்றி 127 அறிவியல் பேராசிரியர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஜெனிஃபருக்குத் திறமை குறைவு, சம்பளம் குறைவு என்று ஆண் பேராசிரியர்களும் பெண் பேராசிரியர்களும் ஒன்றுபோலவே மதிப்பிட்டார்கள். நாம் எல்லோரும் ஒரே அறையில் வளர்ந்தவர்கள்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கருத்தரங்கில் பேச வருபவரை அறிமுகம் செய்வதைப் பற்றி 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. ஓர் ஆண் இன்னோர் ஆணை அறிமுகம் செய்யும்போது 72 சதவீதம் தரம் 'டாக்டர்' என்று பட்டத்தோடு சொல்கிறார். பெண்ணை அறிமுகம் செய்யும்போது 49 சதவீதம். பெண்கள் அறிமுகம் செய்யும்போது யாராக இருந்தாலும் பெரும்பாலும் பட்டத்தோடுதான்.

29 ஜூன்

"பல பெண்கள் தாங்களே வேண்டாம் என்கிறார்கள், அது அவர்கள் விருப்பம்." இது மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது.

விருப்பம்தான். நானும் ஒரு தரம் வெளியூர் ஃபெல்லோஷிப்பை வேண்டாம் என்றேன். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, படிவத்தை நானே மூடி வைத்தேன். இப்போது திரும்பிப் பார்த்தால், அந்த வாரம் எங்கள் வீட்டில் "போகலாமா?" என்ற கேள்வி என் ஒருத்தியிடம்தான் இருந்தது. என் கணவர் அதற்கு முந்தைய வருடம் ஆறு மாதம் பயிற்சிக்குப் போனபோது அந்தக் கேள்வி எழவே இல்லை. தேதி மட்டும் கேட்டேன்.

ஆராய்ச்சியில் முனைப்பாக உள்ள, குழந்தை உள்ள இளம் மருத்துவ ஆசிரியர்களை எடுத்துப் பார்த்த 2014 ஆய்வில், பெண்கள் ஆண்களைவிட வாரத்துக்கு 8.5 மணிநேரம் அதிகமாக வீட்டு வேலைக்குச் செலவிட்டார்கள். 8.5 மணிநேரத்தில் ஒரு கட்டுரையின் முதல் வரைவை முடித்துவிடலாம். அமெரிக்காவில் டோரிஸ் டியூக் அறக்கட்டளை 2015-ல் இதற்கென்றே ஒரு நிதி தொடங்கியது. வீட்டில் குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்ளும் இளம் மருத்துவ விஞ்ஞானிகளுக்கு, ஆய்வகத்தில் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளப் பணம். ஆணும் கேட்கலாம். எனக்கு அந்த நாட்களில் தேவைப்பட்டது அதுதான்: டேட்டா ஏற்ற ஓர் ஆள், வாரத்தில் இரண்டு நாள்.

3 ஜூலை

தொல்லைகளைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று ஒரு தோழி தனியாகக் கேட்டாள். எழுதக் கை வரவில்லை. 2016-ல் ஜாமாவில் வந்த ஆய்வில், ஆராய்ச்சி நிதி பெற்ற மருத்துவ ஆசிரியர்களில் பெண்கள் 30 சதவீதம் பேர் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள், ஆண்கள் 4 சதவீதம். ஆய்வுக்கு வழிகாட்டும் கைடை மாற்றிக்கொண்ட, துறையையே மாற்றிக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். 'சொந்த விருப்பத்தில் விலகினார்' என்றுதான் அவர்களின் ஃபைலில் இருக்கும்.

12 ஜூலை, இரவு 9.45

கேள்வி கேட்ட தம்பி தனிச் செய்தி அனுப்பியிருந்தார். அவர் துறையில் ஒரு மாத டியூட்டி ரோஸ்டரையும் செமினார் பொறுப்பையும் எடுத்து, யார் எதைச் செய்தார்கள் என்று எண்ணினாராம். ரோஸ்டர் போடுவது, சான்றிதழ் அச்சடிப்பது, கேக் வாங்குவது எல்லாம் மூன்று பெண்கள் பெயரில். "நான் பார்க்காமல் இருந்திருக்கிறேன் மேடம்" என்று எழுதியிருந்தார். அவர் தீசிஸுக்கு என் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டால் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் செய்தது: போன மாதக் கடைசியில் துறைத்தலைவரிடம் போய், மினிட்ஸைச் சுற்றில் விடலாமா என்று கேட்டேன். பதினொரு வருடம் கேட்கவில்லை. "இதுக்கென்ன மேடம், முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். நோட்டின் முதல் பக்கத்தில் ஒன்பது பேர் பெயரையும் வரிசையாக எழுதி ஒட்டினேன். அந்தப் பெண்ணுக்கும் போன் செய்து, அடுத்த விண்ணப்பத்துக்குப் புதிதாகக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். அந்தப் புள்ளியியல் சம்பவத்தை அதில் எழுதப் போகிறேன்.

நோட்டைக் கைமாற்றும் முன் பழைய பக்கங்களைப் புரட்டினேன். அதுவரை கவனிக்காத ஒன்று. யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழுதியிருக்கிறேன். என் பெயர் கடைசியில் 'பதிவு செய்தவர்' என்று மட்டும்தான் வருகிறது. எழுதிக்கொண்டே பேச முடியாது. பேசிய சில தடவையும் என்னை நானே எழுதிக்கொள்ளக் கூச்சப்பட்டு விட்டிருக்கிறேன்.

நேற்றுக் கூட்டம். எங்கள் இளைய உதவிப் பேராசிரியர் மினிட்ஸ் எழுதினார். கை சும்மா இருந்ததால் பேசினேன். லீவில் இருப்பவரின் ஆய்வை வெளியிடும் முன் பெயர் வரிசையை அவரிடமே எழுத்தில் கேட்க வேண்டும் என்றேன். இன்று காலை நோட்டு கையெழுத்துக்கு வந்தது. நான்காவது வரியில் என் பெயர், எதிரே நான் சொன்னது, கீழே 'ஏற்கப்பட்டது'. என் இனிஷியலைத் தவறாகப் போட்டிருந்தார். திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.